சாகாமல் புனிதராக முடியாதா? வளரிளம் வயதுப் புனிதர்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் பெரிய தேர். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து மறைக்கல்விப் பிள்ளைகளை ஒரு வேன் நிறைய ஏற்றிக்கொண்டு போயிருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்து, கடற்கரைப் பக்கம் நிழல் பார்த்து உட்கார்ந்தபோது, மூன்று பையன்கள் ஒரே ஃபோன்மேல் தலையை முட்டிக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். உரோமையில் புனித பேதுரு சதுக்கம். திருத்தந்தை (போப்) பதினான்காம் லியோ, பதினைந்து வயதில் இறந்த கார்லோ அக்குதிஸைப் புனிதர் என்று அறிவிக்கும் திருப்பலி. அவ்வளவு கூட்டத்தில் நெட் விட்டு விட்டுத்தான் வந்தது. படம் நின்று போகும்போதெல்லாம் ஃபோனை உயரத் தூக்கிப் பிடித்தார்கள்.

அதில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பையன் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: “சார், சின்ன வயசுப் புனிதர்னு நீங்க சொல்ற எல்லாரும் சின்ன வயசுலயே செத்துப் போயிருக்காங்க. சாகாம புனிதராக முடியாதா?”

தேர் பார்க்கப் போகிற அவசரத்தில் நான் சொன்ன பதில் அரைகுறை. அந்தக் கேள்விக்கு முழுப் பதில் தர வேண்டும் என்று அன்றிலிருந்து மனதில் இருக்கிறது. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள், அவர்கள் பெற்றோர், இதைப் பற்றி எதுவும் தெரியாத மற்ற மதத்து நண்பர்கள், யார் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

புனிதர் என்றால்?

திருச்சபை யாரையும் புதிதாகப் புனிதர் ஆக்குவதில்லை. ஒருவர் விண்ணகத்தில் கடவுளோடு இருக்கிறார், அவர் வாழ்ந்த வாழ்க்கையை நம்பிப் பின்பற்றலாம், நமக்காகப் பரிந்து பேசச் சொல்லி அவரிடம் மன்றாடலாம் என்று உறுதியாக அறிவிக்கிறது. ஆராதனை கடவுள் ஒருவருக்கு மட்டும்தான். புனிதர்களுக்குக் கொடுப்பது வணக்கம். பரீட்சைக்குப் போகும்போது “எனக்காக வேண்டிக்கோங்க பாட்டி” என்று கேட்கிறோமே, கிட்டத்தட்ட அந்த உறவுதான். பாட்டியைச் சாமி என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் பாட்டியின் ஜெபத்துக்கு ஒரு பலம் உண்டு என்று நமக்குத் தெரியும்.

அந்த அறிவிப்பு வர நான்கு படிகள். ஒருவர் இறந்து பொதுவாக ஐந்து வருடமாவது ஆன பிறகு, அவர் இறந்த இடத்து ஆயர் விசாரணையைத் தொடங்குவார். அப்போது அவருக்கு இறை ஊழியர் என்று பெயர். அவருடைய எழுத்து, பேச்சு, பழகியவர்களின் சாட்சியம் எல்லாவற்றையும் உரோமை அலசிப் பார்த்து, விசுவாசம், நம்பிக்கை, அன்பு முதலிய புண்ணியங்களை இவர் சாதாரண அளவைத் தாண்டி வீரத்தோடு வாழ்ந்தார் என்று ஒப்புக்கொண்டால் வணக்கத்துக்குரியவர். அவர் பரிந்துரையால் ஒரு புதுமை நடந்தது உறுதியானால் அருளாளர். இன்னொரு புதுமையும் உறுதியானால் புனிதர். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த மறைச்சாட்சிகளுக்கு மட்டும் முதல் புதுமை தேவையில்லை. நம் தாத்தா பாட்டிகள் வேதசாட்சி என்று சொல்வார்களே, அவர்கள்தான் மறைச்சாட்சிகள்.

இந்த விசாரணை முழுக்க ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்பதைப் பற்றியது. இறந்த பிறகு தொடங்குவதற்குக் காரணம், வாழ்க்கை முடிந்தால்தான் அதை முழுதாகப் பார்க்க முடியும் என்பதுதான். ஆக, சீக்கிரம் சாவது புனிதத்துக்கு ஒரு தகுதி இல்லை. பையனின் கேள்விக்கு இது முதல் பாதி பதில்.

இரண்டாம் பாதி இன்னும் முக்கியம். பவுலடியார் தன் கடிதங்களில் உயிரோடு இருக்கிற சாதாரண விசுவாசிகளையே பரிசுத்தவான்கள் என்று கூப்பிடுகிறார். பிலிப்பியருக்கு எழுதியதைப் பழைய மொழிபெயர்ப்பில் எடுத்துப் பாருங்கள், முதல் வசனத்திலேயே அந்தச் சொல் இருக்கும். சண்டை போட்டுக்கொள்கிற, சமாதானமாகிற, கடை வைத்திருக்கிற, குழந்தை வளர்க்கிற மனிதர்களுக்குத்தான் அந்தப் பெயர். காலப்போக்கில் அது மடத்துக்கும் குருமடத்துக்கும் மட்டும் உரியது என்பது போல ஆகிவிட்டது. 1964ல், உலகத்து ஆயர்கள் எல்லாம் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டின் ஐந்தாம் அதிகாரம் இதை நேராகச் சொல்லிவிட்டது: புனிதத்துக்கான அழைப்பு எல்லோருக்கும் உண்டு. குருவானவர், கன்னியாஸ்திரி, கூலிக்காரர், தாய், விதவை, எல்லோருக்கும்.

எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால், புனிதம் தலைமடைக்கு மட்டும் வருகிற தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கல்லணைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மேட்டூர் திறந்த சில நாட்களில் வாய்க்கால் நிறைந்துவிடும். வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் கீழையூர்ப் பக்கம் கடைமடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், தண்ணீர் வருமா வராதா என்று காத்திருப்பதே அவர்களுக்கு ஒரு வேலை. ஆனால் அந்தக் கடைசி வயலுக்கும் சேர்த்துத்தான் ஆறு ஓடுகிறது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் திருச்சபையில் கொஞ்சம் அப்படிக் கடைமடையில்தான் இருந்தார்கள். பீடச்சிறுவனாக மணி அடிக்கலாம், பாடற்குழுவில் பாடலாம், ஆனால் புனிதம்? அது பெரியவர்கள் காரியம்.

உரோமையிலும் இந்தத் தயக்கம் இருந்தது. மறைச்சாட்சியாக இறந்த சிறுவர் சிறுமிகளைப் புனிதர் என்று ஏற்பதில் சிக்கல் இல்லை. ரோமாபுரியில் ஏறக்குறைய 304ல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கொல்லப்பட்ட ஆக்னஸ் பழைய திருப்பலி மன்றாட்டிலேயே இருக்கிறார். ஆனால் மறைச்சாட்சியாக இல்லாமல், வீட்டிலும் பள்ளியிலும் வாழ்ந்து நோயில் இறந்த ஒரு பிள்ளை, வீரத்தோடு புண்ணியங்களை வாழ்ந்தது என்று சொல்ல முடியுமா? அதற்கு வேண்டிய மன முதிர்ச்சி அந்த வயதில் வருமா? போர்ச்சுகல் நாட்டின் ஃபாத்திமாவில் 1917ல் மாதாவைப் பார்த்த பிரான்சிஸ்கோவும் ஜசிந்தாவும் பத்து வயதிலும் ஒன்பது வயதிலும் காய்ச்சலில் இறந்தவர்கள். அவர்களுக்கான விண்ணப்பம் வந்தபோது இந்தக் கேள்வி பெரிதாக எழுந்து, 1981ல்தான் ஒரு முடிவுக்கு வந்தது: பிள்ளைகளாலும் முடியும். 2017 மே 13, காட்சியின் நூறாம் ஆண்டு நிறைவு நாளில், அவர்கள் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள்.

தஞ்சாவூருக்கு ஒரு சொந்தக்காரர்

ஃபாத்திமாக் குழந்தைகளுக்கு முன்னாலேயே அந்தக் கதவைத் தட்டித் திறந்தவர் ஒருவர் உண்டு, தோமினிக் சாவியோ. இத்தாலியில் 1842ல் பிறந்து 1857ல், பதினைந்து வயது முடிய மூன்றே வாரம் இருக்கும்போது இறந்தவர். அப்பா கொல்லுப் பட்டறை வைத்திருந்தார். அம்மா தையல்காரர். வளரிளம் வயதுப் புனிதம் என்றால் என்ன என்று ஒரே ஒரு ஆளை வைத்து விளக்கச் சொன்னால் நான் இவரைத்தான் எடுப்பேன். காரணம், இவர் முதலில் தப்பாகத் தொடங்கி அப்புறம் திருந்தியவர்.

தோமினிக் ஏழு வயதில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கினார். அந்தக் காலத்தில் பன்னிரண்டு வயது ஆகாமல் கொடுப்பது அபூர்வம். பன்னிரண்டாம் வயதில், 1854 அக்டோபரில், தொன் போஸ்கோவைச் சந்திக்கிறார். தொன் போஸ்கோ தூரின் நகரத்தில், வேலை தேடி வந்து தெருவில் அலைந்த பையன்களுக்கு விடுதியும் பள்ளியும் பட்டறையும் நடத்திக்கொண்டிருந்த குருவானவர். கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தவர், “நல்ல துணியாக இருக்கிறாய்” என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். பையன் உடனே, “அப்படியானால் நான் துணி, நீங்கள் தையல்காரர். என்னை எடுத்துக்கொண்டு போய் ஆண்டவருக்கு ஒரு நல்ல உடை தையுங்கள்” என்றானாம். தையல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பேச்சு இயல்பாக வந்திருக்கும்.

சில மாதங்கள் கழித்து ஒரு மறையுரையில் தொன் போஸ்கோ சொன்னார்: நாம் எல்லோரும் புனிதர் ஆக வேண்டும் என்பது கடவுளின் விருப்பம், அது சுலபம், அதற்குப் பெரிய வெகுமதி உண்டு. அந்த மறையுரை தோமினிக்கைப் பிடித்து உலுக்கிவிட்டது. நான் எப்படியாவது புனிதராக வேண்டும் என்று கிளம்பினார். எப்படி? விளையாட்டை விட்டார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். மணிக்கணக்கில் ஜெபம். குளிர்காலத்தில் மெல்லிய போர்வையோடு படுத்து நடுங்கினார். உடம்பை வருத்த வேறு வழிகளும் தேடினார்.

தொன் போஸ்கோ இதைக் கவனித்துக் கூப்பிட்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பையனின் பக்தியைப் பாராட்டி அவர் தட்டிக் கொடுக்கவில்லை. அந்தத் தவங்களைத் தடுத்தார். சந்தோஷமாக இரு, படிப்பையும் ஜெபத்தையும் ஒழுங்காகச் செய், நண்பர்களோடு சேர்ந்து விளையாடு, அவர்களுக்கு நல்லது செய் என்றார். கொஞ்ச நாள் கழித்துப் புதிதாக வந்த ஒரு பையனிடம் தோமினிக்கே சொன்னார்: “இங்கே நாங்கள் புனிதம் என்று சொல்வது எப்போதும் மகிழ்ச்சியாக இருப்பதைத்தான்.”

தவக்காலம் வந்தால் எங்கள் வகுப்பிலும் ஒன்றிரண்டு பிள்ளைகள் இப்படிக் கிளம்புவார்கள். செருப்புப் போடாமல் நடப்பது, மதியம் சாப்பிடாமல் பள்ளியில் மயங்கி விழுவது. அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்த வயதில்தான் ஒரு மனிதனுக்கு எதையும் முழுசாகக் கொடுக்கத் தோன்றும். ஆனால் அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று சொல்லித்தர ஒரு பெரியவர் வேண்டும். தோமினிக்குக்கு அப்படி ஒருவர் கிடைத்தார்.

கிடைத்த பிறகு அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். இரண்டு பையன்கள் பகை முற்றி, ஒரு வெளியிடத்தில் கல்லால் அடித்துத் தீர்த்துக்கொள்வது என்று நாள் குறித்திருந்தார்கள். தோமினிக் கூடவே போனார். இருவரும் கல்லை எடுத்ததும் நடுவில் போய் நின்று, கழுத்தில் இருந்த சிறிய சிலுவையைத் தூக்கிக் காட்டி, ‘ஏசு தன்னைக் கொன்றவர்களை மன்னித்தார், நான் அவரைப் புண்படுத்திப் பழிவாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முதல் கல்லை என்மேல் எறி’ என்றார். ஒருவன்முன் மண்டியிட்டார், அடுத்தவனிடமும் போய் அதையே கேட்டார். இருவர் கையிலிருந்தும் கல் விழுந்தது. பள்ளி விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டில் சாதியை வைத்தும், வாட்ஸாப் ஸ்டேட்டஸை வைத்தும் அடித்துக்கொள்கிற பையன்களைப் பார்க்கிறவர்கள் நாம். நடுவில் போய் நிற்பது எவ்வளவு கடினம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் நிற்க ஒருவனுக்குத் தைரியம் வந்தால் அது போர்வை இல்லாமல் படுப்பதைவிடப் பெரிய தவம்.

1856 ஜூன் 8 அன்று, நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அமல உற்பவ மாதா பெயரில் ஒரு சிறு குழு தொடங்கினார். யாரும் சேர்த்துக்கொள்ளாத பையன்களோடு பழகுவது, புதிதாக வந்தவர்களுக்குத் துணையாக இருப்பது, இதெல்லாம் அந்தக் குழுவின் வேலை. மூன்று வருடம் கழித்து தொன் போஸ்கோ சலேசிய சபை என்ற துறவற சபையைத் தொடங்கியபோது, அதன் முதல் உறுப்பினர்களில் பலர் அந்தக் குழுவில் வளர்ந்தவர்கள்.

சொந்தக்காரர் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். சலேசிய சபையார் இந்தியாவில் முதன்முதலாக வந்து வேலை தொடங்கிய ஊர் தஞ்சாவூர். 1906 சனவரியில், தந்தை ஜார்ஜ் தோமாத்திஸ் தலைமையில் வந்த சிறிய குழு அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்றது. தஞ்சாவூர் அப்போது மயிலை மறைமாவட்டத்தின் கீழ் இருந்தது. தூரினில் தோமினிக் ஓடி விளையாடிய முற்றத்தின் தொடர்ச்சி, நம் காவிரிக் கரையில் ஒரு முற்றமாக வந்து சேர்ந்தது. இது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. தெரிந்தால், சுரூபமாக நிற்கிற வெள்ளைக்காரப் பையன் கொஞ்சம் பக்கத்தில் வருவான்.

1954ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். மறைச்சாட்சியாக இல்லாமல் புனிதரானவர்களில், ஃபாத்திமாக் குழந்தைகள் வரும்வரை அவர்தான் வயதில் மிகச் சிறியவர்.

ஜீன்ஸ் போட்டவர்

கார்லோ அக்குதிஸ் 1991 மே 3 அன்று லண்டனில் பிறந்து, மிலான் நகரத்தில் வளர்ந்தவர். 2006 அக்டோபர் 12 அன்று, பதினைந்து வயதில், ரத்தப் புற்றுநோயில் இறந்தார். இவரைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியிருப்பதில்லை, ஃபோனிலேயே பார்த்துவிடுகிறார்கள். அசிசியில் இவருடைய உடல் கண்ணாடிக்குப் பின்னால் ஜீன்ஸும் ஷூவுமாக வைக்கப்பட்டிருக்கிறது. தோமினிக் சாவியோவின் கோட்டைப் பார்த்து வராத நெருக்கம் அந்த ஷூவைப் பார்த்து வருகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஷூவோடு நின்றுவிடக் கூடாது.

கார்லோவின் பெற்றோர் கோவிலுக்கு அதிகம் போகிறவர்கள் இல்லை. இவர்தான் சின்ன வயதிலேயே தினமும் திருப்பலிக்குப் போக வேண்டும் என்று கேட்டு, அம்மாவைக் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு வந்தவர். பிள்ளை கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் அம்மாவே மறைக்கல்வி படிக்கத் தொடங்கினார். வீட்டில் வேலைக்கு இருந்த மொரீஷியஸ் நாட்டு இந்து ஒருவர், இந்தப் பிள்ளையோடு பழகிப் பழகி, பிறகு தானாகவே ஞானஸ்நானம் கேட்டு வாங்கிக்கொண்டார். நற்கருணைதான் விண்ணகத்துக்குப் போக எனக்கு நெடுஞ்சாலை என்பது கார்லோவின் பேச்சு. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை: திருப்பலியில் அப்பமும் ரசமும் உண்மையாகவே ஏசுவின் உடலும் ரத்தமும் ஆகின்றன என்பது எங்கள் விசுவாசம். அதைத்தான் நற்கருணை என்கிறோம்.

கம்ப்யூட்டரில் கார்லோவுக்கு நல்ல கை. கல்லூரி மாணவர்கள் படிக்கிற நிரல் புத்தகங்களை வீட்டிலேயே வைத்துப் படித்தார். அதை வைத்து, பல நாடுகளில் நடந்ததாகத் திருச்சபை ஏற்ற நற்கருணைப் புதுமைகளை ஒவ்வொன்றாகத் திரட்டி இணையதளமாக்கினார். பிறகு அது பலகைகளாக அச்சிட்டு உலகெங்கும் பங்குகளில் வைக்கப்படுகிற கண்காட்சியாகவும் ஆனது. வீடியோ கேம் அவருக்குப் பிடிக்கும், பிளேஸ்டேஷன் வைத்திருந்தார். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே வரம்பு வைத்துக்கொண்டார். பள்ளியில் கிண்டலுக்கு ஆளான பிள்ளைகளுக்காகப் பேசினார். அப்பா அம்மா பிரிந்துபோன நண்பர்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். கையில் சேர்ந்த காசைத் தெருவில் படுத்திருப்பவர்களுக்குச் செலவழித்தார்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று நான் சொன்னதும் வகுப்பில் ஒரு பெருமூச்சு கேட்கும். அந்தப் பெருமூச்சு எனக்கு நன்றாகப் புரிகிறது. கார்லோ இருந்த காலத்தில் ஃபோன் இப்படி இருபத்து நான்கு மணி நேரமும் கைக்குள் இருக்கவில்லை. அதனால் அவருடைய கணக்கை அப்படியே எடுக்க வேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் கேட்பதில்லை. அவர் செய்த காரியம் இது: வரம்பை வேறு யாரும் போடுவதற்கு முன்னால் தானே போட்டுக்கொண்டார். மிச்சமான நேரத்தை, தன் கைக்கு நன்றாக வருகிற ஒரு வேலையில் ஆண்டவருக்காகப் போட்டார். எல்லோரும் அசலாகப் பிறக்கிறார்கள், பலர் நகலாகச் சாகிறார்கள் என்றும் சொன்னவர் அவர். அப்படியிருக்க, கார்லோவின் நகலாக ஆவது கார்லோவுக்கே பிடிக்காது. உனக்குக் கம்ப்யூட்டர் வராது, தவில் வரும் என்றால் தவில்தான் உன் இடம்.

நோய் வந்தது அக்டோபர் தொடக்கத்தில். பன்னிரண்டாம் தேதி முடிந்துவிட்டது. தன் வேதனையை ஆண்டவருக்கும், திருத்தந்தைக்கும், திருச்சபைக்கும் ஒப்புக்கொடுப்பதாகச் சொன்னார். கேள்வி கேட்ட பையன் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். சாவுக்கு முன்னால் அவர் படுத்திருந்தது சில நாட்கள்தான். விசாரணையில் கேட்டறிந்தது அதற்கு முந்தைய வருடங்களை: பள்ளிக்கூடத்தை, சமையலறையை, நண்பர்களை, அந்த ஒரு மணி நேரத்தை. 2020 அக்டோபர் 10 அன்று அசிசியில் அருளாளர் பட்டம். புனிதர் பட்டம் 2025 ஏப்ரல் 27 என்று குறித்திருந்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் ஏப்ரல் 21 அன்று இறந்ததால் தள்ளிப்போய், எங்கள் பெரிய தேர் நாளில் வந்து நின்றது.

ரத்தம் சிந்தியவர்கள்

வளரிளம் வயதுப் புனிதர்களில் பலர் மறைச்சாட்சிகள். உகாண்டாவின் கிசித்தோ, அரண்மனையில் ஏவல் செய்த சிறுவன். ஏறக்குறைய பதினான்கு வயது. அங்கே ஏவல் சிறுவர்களுக்குத் தலைவராக இருந்த சார்லஸ் லுவாங்கா கையால் ஞானஸ்நானம் வாங்கிய சில நாட்களில், 1886 ஜூன் 3 அன்று, நமுகொங்கோவில் அவரோடும் தோழர்களோடும் உயிரோடு எரிக்கப்பட்டார். மெக்சிகோவின் ஹோசே சாஞ்செஸ் தெல் ரியோ, அரசு திருச்சபையை ஒடுக்கிய காலத்தில் 1928ல் பதினான்கு வயதில் கொல்லப்பட்டார். பிலிப்பைன்ஸின் பேத்ரோ கலுங்சோத், குவாம் தீவில் 1672ல், ஏறக்குறைய பதினேழு வயதில், மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில். எங்களைப் போன்ற உபதேசியார்களுக்கு அவர் ஒரு தனிச் சொந்தம்.

இவர்களிடம் பிள்ளைகள் எதைக் கற்க வேண்டும்? எப்படிச் சாவது என்பதை அல்ல. ஒரு பெரிய ஆள், ஒரு அரசன், ஒரு கூட்டம் சொன்னாலும் மனச்சாட்சிக்கு எதிராக ஆமாம் போடாமல் இருக்கலாம் என்பதைக் கற்கலாம்.

இங்கே மரிய கொரெற்றியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எங்கள் பங்கிலேயே அந்தப் பெயர் வைத்த பெண்கள் உண்டு, அந்தப் பெயரைச் சொல்லிப் பெண் பிள்ளைகளுக்குத் தப்பான பாடம் எடுப்பதையும் நான் கேட்டிருக்கிறேன். கணக்குப் பார்த்தால் அவருக்குப் பதின்ம வயது கூட ஆகவில்லை, பதினொன்றுதான். 1890ல் இத்தாலியில் பிறந்தவர். சொந்த நிலம் இல்லாத குடும்பம், பிழைப்புத் தேடிச் சதுப்பு நிலப் பக்கம் வந்து, விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கு உழுதார்கள். கொசுவும் மலேரியாவும் நிறைந்த பூமி. அப்பா அதிலேயே இறந்தார். அம்மா அசுந்தா வயல் வேலைக்குப் போக, தம்பி தங்கைகளைப் பார்த்து, சமைத்து, தைத்து வீட்டை நடத்தியது மரியா. நம் பக்கத்தில் நடவுக்குப் போகிற அம்மாக்களின் மூத்த பெண் பிள்ளைகளுக்கு இந்த வாழ்க்கை விளக்கம் இல்லாமலே புரியும்.

அதே வீட்டில் தங்கியிருந்த குடும்பத்தின் இருபது வயது மகன் அலெசாந்த்ரோ, அவரைப் பலவந்தப்படுத்தப் பார்த்தான். மறுத்தபோது கத்தியால் பதினான்கு முறை குத்தினான். மறுநாள், 1902 ஜூலை 6, மரியா இறந்தார். இறக்கும்முன் அவனை மன்னிப்பதாகவும், அவனும் தன்னோடு விண்ணகத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். 27 வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்த அலெசாந்த்ரோ, அசுந்தாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். என் மகளே மன்னித்துவிட்டாள், நான் மன்னிக்காமல் எப்படி என்று அந்தத் தாய் மன்னித்தார். 1950ல் மரியாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது அந்தத் தாயும் உரோமையில் இருந்தார்.

இதை வைத்து, மானம் போவதைவிட உயிர் போகலாம் என்று பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அது பெரிய அநியாயம். வன்முறைக்கு ஆளாகி உயிர் பிழைத்த எந்தப் பெண்ணின் தூய்மையும் துளியும் குறைவதில்லை. பாவம் செய்தவன் பக்கம்தான் பாவம். மரியா பயத்தில் அவனுடைய முந்தைய தொல்லைகளை அம்மாவிடம் சொல்லாமல் இருந்தார், சொன்னால் கொன்றுவிடுவேன் என்று அவன் மிரட்டியிருந்தான். அதனால் மரியா கொரெற்றி திருநாளில் எங்கள் வகுப்பில் நான் தவறாமல் சொல்வது இது: யாராவது தொல்லை கொடுத்தால், அவர் சொந்தக்காரராக இருந்தாலும், கோவிலைச் சேர்ந்தவராக இருந்தாலும், உடனே நம்புகிற ஒருவரிடம் சொல்லுங்கள். 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தைக் கூப்பிடலாம், காசு கிடையாது. ஆண் பிள்ளைகளுக்கும் அன்று ஒரு பாடம் உண்டு: ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னால் அந்த வார்த்தையோடு நிற்க வேண்டும்.

தேர்வில் தோற்றவர்

இன்னும் ஒருவர், கியாரா பதானோ. இவர் அருளாளர்தான், நான்காம் படி இன்னும் வரவில்லை. 1971ல் பிறந்தவர். டென்னிஸ், நீச்சல், பாட்டு, நண்பர்களோடு காப்பிக் கடை. உயர்நிலைப் பள்ளியில் ஒரு வருடம் ஃபெயில் ஆனார், அது அவரை ரொம்பவே வருத்தியது. பதினேழு வயதில் எலும்புப் புற்றுநோய் தெரியவந்து, 1990 அக்டோபர் 7 அன்று பதினெட்டு வயதில் இறந்தார். 2010ல் அருளாளர் பட்டம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற மே மாதத்தில் இவர் பெயரை நான் எடுப்பேன். மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் கோவில் பக்கமே வராமல் ஒளிந்துகொள்ளும் மாதம் அது. ஃபெயில் ஆன ஒரு பெண்ணைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியிருக்கிறது என்று கேட்டதும் சிலர் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கிற பிள்ளைகளிடம் நான் சொல்வது, மொத்தம் பத்துப் பேரைப் படிக்காதே, ஒருவரை எடுத்து ஒரு வருடம் கூட வைத்துக்கொள். உன்னைப் போல இருப்பவராக இருந்தால் நல்லது. முன்கோபக்காரனுக்கு, கல் சண்டைக்கு நடுவே நின்ற தோமினிக். வீட்டு வேலை முழுக்கத் தலையில் இருக்கிற பெண்ணுக்கு மரியா. ஃபோனோடு போராடுகிறவனுக்கு கார்லோ. அவருடைய திருநாளைத் தெரிந்துகொள். தோமினிக்குக்கு மார்ச் 9, சலேசியர்கள் மே 6 கொண்டாடுகிறார்கள். மரிய கொரெற்றிக்கு ஜூலை 6. கார்லோவுக்கு அக்டோபர் 12. அவர் செய்த ஒரே ஒரு காரியத்தை உன் நாளுக்குள் எங்கே வைக்கலாம் என்று பார்.

இதையெல்லாம் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் சொல்ல நினைத்தேன். அன்று வேளாங்கண்ணியில் அவனுக்கு நான் சொல்ல முடிந்தது வேறு ஒன்று. நடுத்திட்டுப் பக்கம் நடந்தோம். வேளாங்கண்ணி மாதாவின் மரபுக் கதையில் முதலில் வருகிற இரண்டு பேரும் சிறுவர்கள் என்று காட்டினேன். ஒருவன் நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோகிறவன், குளக்கரையில் இளைப்பாறும்போது ஓர் அம்மா குழந்தைக்காகப் பால் கேட்க, முதலாளி திட்டுவாரே என்ற பயத்தோடு கொடுத்தவன். போய்த் திறந்து பார்த்தால் செம்பில் பால் பொங்கி வழிந்தது. இன்னொருவன் நடக்க முடியாதவன், நடுத்திட்டில் மோர் விற்றவன். அவனும் கேட்டதும் கொடுத்தான். அப்புறம் எழுந்து நாகப்பட்டினம்வரை ஓடினான். இருவருக்கும் புனிதர் பட்டம் இல்லை. இருவரும் அன்றைக்கு வழக்கமான வேலையில்தான் இருந்தார்கள். இருவரும் செத்ததாகக் கதையில் வரவில்லை.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான். பிறகு, “அந்தப் பால்காரப் பையன் லேட்டாப் போனதுக்கு முதலாளிகிட்ட திட்டு வாங்கியிருப்பான்ல சார்?” என்று கேட்டான். வாங்கியிருப்பான் என்றேன். அதற்குள் தேருக்கு மின்விளக்குப் போட்டுவிட்டார்கள், கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது. பின்னால் ஒரு பாட்டி மெழுகுவர்த்திக் கட்டையும் பையையும் தூக்க முடியாமல் வந்துகொண்டிருந்தார். பையன் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான்.